அமுக்குவதற்கு முன் எடுத்த அளவு

உங்கள் சூப்பர்வைசர் பிள்ளை போன மாதம் என்னைத் தொலைபேசியில் பிடித்தாள். "அங்கிள், புதுசாச் சேர்ந்த ஆக்களுக்கு உங்கட அனுபவத்தை எழுதித் தாங்கோவன். ரெண்டு பக்கம் காணும். நல்லதா ஏதும்."

நல்லதாக என்னிடம் ஒன்றும் இல்லை. கெட்டது ஒன்று இருக்கிறது. அதைத்தான் எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் குப்பையில் போடட்டும்.

வேலையை எப்படிச் செய்வது என்று எழுத மாட்டேன். அது உங்கள் மேசைக்கு மேலே சுவரில் ஒட்டியிருக்கிறது, வாசியுங்கள். ஆனால் ஒன்றை மட்டும் திருப்பிச் சொல்கிறேன், இல்லாவிட்டால் மற்றது விளங்காது.

துப்பாக்கியில் சுட்டு முடிந்த ரவையின் வெற்றுப் பித்தளைக் கோதை நாம் திரும்பப் பாவிக்கக் கூடியதாக ஆக்குகிறோம். சுடும்போது கோது ஊதிப்போகும். டை என்று நாம் சொல்லும் இரும்பு அச்சுக்குள் அதை அமுக்கிப் பழைய உருவத்துக்குக் கொண்டு வருகிறோம். அமுக்கினால் பித்தளை எங்கே போகும்? வாய்ப்பக்கம் போகும். கோது நீளும். அதனால்தான் முதலில் அமுக்கு, பிறகு அள, நீளம் கூடியதைச் சீவு என்று வரிசை வைத்திருக்கிறோம். நீளம் கூடிய கோதைத் துவக்குக்குள் தள்ளினால் அதன் வாய் முன்னால் இடித்து, மடங்கி, குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். மருந்து வெடித்த பிறகும் குண்டு இலகுவில் விடுபடாது. அந்த வேகம் சுடுகிறவனின் முகத்துப் பக்கம் திரும்பும்.

இவ்வளவுதான் தொழில். மிச்சம் எல்லாம் மனிதர்கள் கெடுப்பது.

நான் இந்த நாட்டுக்கு அகதியாக வள்ளத்தில் வந்தவன். வழக்கு முடியும்வரை தருகிற பிரிஜ்ஜிங் விசாவில் எட்டு இடத்தில் வேலை கேட்டு, எட்டு இடத்திலும் திருப்பி அனுப்பப்பட்டவன். இந்தப் பட்டறையில் என்னைச் சேர்த்துவிட்டவர் செல்வா அண்ணை. பித்தளைப் பகுதிக்கு அப்போது அவர்தான் சூப்பர்வைசர். ரோவில்லில் சொந்த வீடு, நல்ல ஆங்கிலம், கோயில் நிர்வாகத்தில் ஒரு பதவி. என்னைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் நான் அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். வேலை எடுத்துத் தந்தவன் எந்த வயதிலும் அண்ணைதான். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று அப்போது நினைத்தேன்.

சேர்ந்த அன்று அவர் சொன்னது இது: "குணம், நான் சொல்லித்தான் உம்மை எடுத்தவங்கள். என்ர பேரைக் கெடுத்துப்போடாதையும்." இரண்டரை வருடம் அந்தப் பேரை நான் தூக்கிக்கொண்டு திரிந்தேன். நீளம் அளக்கிற மேசையில் இருந்தேன். நாளுக்கு ஆயிரம் கோது. கண்ணை மூடினாலும் பித்தளை தெரியும்.

சொந்தக்காரர்கள் கேட்பார்கள்: "அங்கயும் துவக்கு, இங்கயும் துவக்கோ?" நான் மருந்து தொடுகிறவன் இல்லை, வெறும் கோது சீவுகிறவன் என்று சொல்வேன். அது உண்மை. மருந்து நிரப்புவது உள்ளே பூட்டிய அறையில், உரிமம் உள்ள ஆட்கள் மட்டும். அந்த அறைக்குப் பொறுப்பு ஸ்பிரிங்வேலில் இருந்து வரும் ஒரு வியட்நாமியப் பெண். முப்பது வருடத் தொழில்காரி. யாருடனும் சிரிக்க மாட்டார்.

ஒரு திங்கட்கிழமை எங்கள் டை கீறல் விட்டு வெடித்துப்போனது. புதியது புதன்கிழமைதான் வரும் என்றார்கள். நாட்டின் உட்பகுதியில் பெரிய பண்ணை ஒன்றில் காட்டுப்பன்றி சுடப் போகிற கொன்ராக்ட்காரர்களுக்கு, வியாழன் இரண்டு மணிக்குச் சாமான் ஏற வேண்டும். செல்வா அண்ணை என் மேசைக்கு வந்தார்.

"டை வரும்வரைக்கும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதோ? இப்பவே அளந்து, கூடினதைச் சீவி வையும். டை வந்த உடன அமுக்கி அனுப்புவம்."

"அமுக்கினா நீளும் அண்ணை."

"எவ்வளவு நீளும்? ஒரு மயிரளவு. எனக்கு நீர் படிப்பிக்கிறீரோ?"

"இல்லை அண்ணை."

இந்த "இல்லை அண்ணை"தான் என் முதல் பிழை. அதைச் சொல்லிவிட்டு இரண்டு நாள் அளந்தேன். கவனமாக அளந்தேன். அளவைத் தாண்டியதைச் சீவினேன், அளவுக்குள் நின்றதை அப்படியே விட்டேன். தாளில் ஒவ்வொரு எண்ணும் சரி. கீழே கையெழுத்து வைத்தேன். எண்களில் ஒரு பொய்யும் இல்லை. அளந்த நேரம் மட்டும் பிழை. தாளில் நேரம் எழுத இடமில்லை.

புதன் மத்தியானம் டை வந்தது. செல்வா அண்ணையே நின்று அமுக்குவித்தார். தட்டுத் தட்டாக உள் அறைக்குப் போனது.

வியாழன் காலை கடைசித் தட்டு என் மேசையைக் கடந்தது. கை தானாகப் போய் ஒரு கோதை எடுத்தது. நீளம் சரிபார்க்கிற அளவுக்கூட்டுக்குள் போட்டேன். விளிம்புக்குள் நிற்க வேண்டிய வாய் வெளியே எட்டிப் பார்த்தது. நகத்தால் தடவினால் தட்டுப்பட்டது. இன்னொன்று. அது சரி. இன்னொன்று. அதுவும் வெளியே.

கழிவறைக்குப் போனேன். முகம் கழுவினேன். திரும்பி வந்தேன். பத்து எடுத்துப் போட்டேன். நான்கு வெளியே. தண்ணீர் குடிக்கப் போனேன். குடிக்காமல் வந்தேன்.

பக்கத்துப் பொதி கட்டும் மேசையில் இருந்தவர் ஊரில் நில அளவையாளராக இருந்தவர். எல்லோரும் அவரைச் சேவையர் என்றுதான் கூப்பிட்டோம். அவரும் வள்ளம்தான், என்னுடைய விசாதான். "என்ன குணம்," என்றார், "காணி உறுதியைத் தொலைச்சவன் மாதிரி அங்கையும் இஞ்சையும் நடக்கிறீர்?"

"ஒண்டுமில்லை."

"ஒண்டுமில்லாதவன் குந்தியிருப்பான்."

பத்து மணி. இரண்டு மணிக்கு லொறி. உள்ளே பாதிக்கு மேல் நிரப்பியாகிவிட்டது. நிரப்பிய ரவைகளைப் பெட்டியில் போட்டுவிட்டால் நல்லது எது கெட்டது எது என்று பார்வைக்குத் தெரியாது. பத்துத் துவக்கில் ஒன்பது அந்த நீளத்தைத் தாங்கும். பத்தாவது யாருடையது என்று யாருக்குத் தெரியும்?

செல்வா அண்ணையிடம் போனேன். கோதையும் அளவுக்கூட்டையும் அவர் முன்னால் வைத்தேன். அவர் பார்த்தார். அவருக்கு விளங்கியது. விளங்கவில்லை என்றால் நான் இன்று இவ்வளவு கோபப்பட மாட்டேன்.

"உதை ஆரிட்டையும் காட்டினனீரோ?"

"இல்லை."

"பொக்கற்றுக்குள்ள வையும். போய் வேலையைப் பாரும்."

"அண்ணை, பத்துக்கு நாலு..."

"உம்மட விசா எப்ப முடியுது?"

அவருக்குத் தெரியும். என் வேலைக் கடிதத்தை எழுதித் தந்தவரே அவர்தான்.

"நாலு மாசம் என்ன? அந்த நாலு மாசத்தை நினைச்சுக் கொண்டு போய் இரும்."

வந்து இருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கால் ஆடிக்கொண்டே இருந்தது. மேசை அதிர்ந்தது. சேவையர் ஒருமுறை என் முழங்காலைக் கையால் அமர்த்திப் பிடித்தார், விட்டார், அது திரும்ப ஆடியது. பிறகு எழுந்து உள் அறைக் கண்ணாடியைத் தட்டினேன்.

சிவப்பு விளக்கு எரியும்போது அந்தக் கண்ணாடியைத் தட்டக் கூடாது. மருந்து நிறுக்கிற நேரம் அது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்த பார்வையில் நான் செத்தேன். கையில் இருந்ததை வைத்தார். மருந்தை மூடினார். கதவைத் திறந்தார்.

"பைத்தியமா உனக்கு?"

என் ஆங்கிலம் அன்றைக்கு வாயில் வரவில்லை. கோதை அளவுக்கூட்டில் போட்டு அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவர் நகத்தால் தடவினார். உள்ளே போய், தான் நிரப்பிய பெட்டியில் இருந்து ஒரு ரவையை எடுத்து, குண்டைக் கழற்றி, மருந்தைக் கொட்டிவிட்டுக் கோதைக் கொண்டு வந்து போட்டார். வெளியே. இன்னொன்று. வெளியே.

பெட்டிகள் எல்லாவற்றையும் கூண்டுக்குள் தள்ளித் தன் சொந்தப் பூட்டைப் போட்டார். திறப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். லொறி வெறுமையாகப் போனது.

இதோடு நிறுத்தியிருந்தால் இது நல்ல கதை. உங்கள் சூப்பர்வைசர் கேட்ட மாதிரி. நான் ஒரு வீரன், கண்ணாடியைத் தட்டினேன், பன்றி சுடப் போனவன் தப்பினான். இங்கே நிறுத்தி இந்தக் கதையைக் கோயிலில் இரண்டு பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். இனி வருவதைச் சொன்னதில்லை.

மூன்று மணிக்கு முதலாளி கூப்பிட்டார். எழுபது வயது வெள்ளைக்காரர், கத்த மாட்டார். மேசையில் என் தாள் இருந்தது. எனக்கு ஆங்கிலம் போதாது என்று மொழிபெயர்க்கச் செல்வா அண்ணையை நிறுத்தியிருந்தார். யோசித்துப் பாருங்கள். குற்றம் செய்தவன் வாயால்தான் நான் பேச வேண்டும்.

"இந்தக் கையெழுத்து உம்முடையதோ எண்டு கேக்கிறார்."

"ஓம்."

"ஏன் அமுக்க முன்னம் அளந்தனீர் எண்டு கேக்கிறார்."

"டை வரேல்லை," என்றேன்.

முதலாளி என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார். அது எனக்கு நேரே விளங்கியது. உனக்கு அப்படிச் செய்யச் சொன்னது யார்? செல்வா அண்ணை அதைத் தமிழில் சொல்ல ஒரு கணம் பிந்தினார்.

"ஆர் சொன்னது எண்டு... கேக்கிறார்."

ஒரு சொல் போதும். சொல்லும் வேண்டாம், விரலை நீட்டினால் போதும். அவர் என் பக்கத்தில், தொடும் தூரத்தில் நின்றார். சட்டைக் கழுத்து நனைந்திருந்தது. நான்கு மாதம் என்று என்னை வெருட்டிய ஆள் இல்லை அவர் அப்போது. என்னைச் சேர்த்துவிட்ட ஆளாகத் தெரிந்தார். நம்மாளை வெள்ளைக்காரனிடம் காட்டிக்கொடுப்பதா என்று உள்ளே ஒன்று கேட்டது. கேட்டது சத்தியம். அதற்கு நான் பெருமைப்பட்டதும் சத்தியம்.

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான்தான் அவசரப்பட்டு வரிசையை மாத்தினனான் எண்டு சொல்லுங்கோ."

அவர் அதை ஒரு எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தார். அன்று அவர் மொழிபெயர்த்ததில் அதுதான் மிகச் சுத்தம்.

பிழையை நானே கண்டுபிடித்தேன் என்பதற்காக என்னை வேலையால் நிறுத்தவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று. வரிசையைத் தன் எண்ணப்படி மாற்றினார் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்து வைத்தேன். அளக்கும் மேசையில் இருந்து என்னை எடுத்துப் பொதி கட்ட விட்டார்கள். சேவையரை என் மேசைக்குப் போட்டார்கள்.

மாலை செல்வா அண்ணை என்னைத் தன் காரில் ஏற்றிப் போனார். வழியில் நிறுத்திக் கொத்துரொட்டி வாங்கித் தந்தார். "நீர் மனுசன், ஐசே," என்றார். காருக்குள்ளேயே இருந்து சாப்பிட்டேன். உருசியாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல்தான் ஆத்திரம் வருகிறது.

அடுத்த நாள் சேவையருக்கு மேசையைக் காட்டிக் கொடுத்தேன். "கவனமாய் அளந்து பாருங்கோ," என்றேன்.

அவர் சிரித்தார். "குணம், காணியில நான் அரை அங்குலம் பிழைச்சா அண்ணன் தம்பி வெட்டுப்படுவாங்கள். எனக்கு நீர் கவனம் சொல்லித் தாறீரோ?"

நான் சொல்லியிருக்க வேண்டியது வேறு. இந்த மனிதன் வந்து வரிசையை மாற்றச் சொன்னால் கேளாதே, எனக்கு நடந்தது இது, என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் முதலாளியிடம் சொன்ன பொய் சேவையருக்கும் தெரியவரும். அதனால் கவனம் என்று ஒரு வெறும் சொல்லைக் கொடுத்துவிட்டுப் பொதி கட்டப் போனேன்.

ஐந்து மாதம் கழித்து அமுக்கும் இயந்திரம் பழுதுபட்டது. நான் அந்த இரண்டு நாளும், ஒருமுறை நீட்டிக் கிடைத்த விசாவின் அலுவலாகச் சட்டத்தரணியிடம் போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்து, நிரப்பிய பெட்டிகள் என் மேசைக்கு வந்திருந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் சேவையரின் தாள். என்ன அழகான எண்கள்! அச்சடித்தது போல. நான் கட்டி அனுப்பினேன். உள் அறைப் பெண் தட்டுக்கு ஒன்று எடுத்துப் பார்த்திருக்கிறார். எடுத்ததெல்லாம் சரியாக இருந்திருக்கிறது. அப்படியும் நடக்கும்.

இரண்டு கிழமைக்குள் முதலாளிக்கு அழைப்பு வந்தது. சுட்டவரின் துவக்கு பின்பக்கமாகப் புகைந்து அடித்திருக்கிறது. முகத்தில் காயம், வலக்கண்ணில் பித்தளைத் துகள். மிச்சப் பெட்டிகளைத் திருப்பி எடுத்துக் கழற்றிப் பார்த்தார்கள். வாய்கள் வெளியே எட்டிப் பார்த்தன.

சேவையரை உள்ளே கூப்பிட்டார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியும், மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அவர் நேரே சொன்னார்: அமுக்க முன் அளக்கச் சொன்னது செல்வா.

செல்வா அண்ணை என்ன செய்தார் தெரியுமா? கோபப்படவில்லை. அலுமாரியைத் திறந்து என் எச்சரிக்கைக் கடிதத்தை எடுத்து முதலாளி முன்னால் வைத்தார். போன முறையும் இதேதான் நடந்தது, மேசையில் இருந்தவர் தானாகவே வரிசையை மாற்றினார், ஒத்துக்கொண்டு கையெழுத்தும் வைத்தார், இவர் மட்டும் ஒத்துக்கொள்ள மறுக்கிறார் என்றார்.

என் பொய்யை வைத்துத்தான் சேவையரின் உண்மையை உடைத்தார்கள்.

வேலை போய், அவர் வெளியே வந்து தன் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்தார். என் மேசைக்கு வந்தார். "உம்மட கடிதம் ஒண்டு காட்டினாங்கள்," என்றார். "உண்மையே அது?"

நான் வாயைத் திறப்பதற்கு முன் அவருக்கு விடை தெரிந்துவிட்டது. அளக்கிறவன் அல்லவா. போய்விட்டார்.

அதற்குப் பிறகுதான் நான் முதலாளியின் கதவைத் தட்டினேன். செல்வா அண்ணை எழுந்து வந்தார், மொழிபெயர்க்க. நான் கையைக் காட்டி நிறுத்தினேன். என்னிடம் இருந்த ஆங்கிலத்தில் சொன்னேன். முதல் முறை வரிசையை மாற்றச் சொன்னது இவர். பொய் சொன்னது நான். இரண்டு வசனம். ஐந்து மாதத்துக்கு முன் சொல்லியிருந்தாலும் அதே இரண்டு வசனம்தான், அதே ஆங்கிலம்தான்.

முதலாளி உள் அறைப் பெண்ணைக் கூப்பிட்டார், அமுக்குவித்த ஆட்களைக் கூப்பிட்டார், ஒவ்வொருவராகத் தனியாகக் கேட்டார். அந்த வெள்ளிக்கிழமை செல்வா அண்ணை போனார். கோயிலில் என் பெயர் என்ன ஆனது என்று கேட்காதீர்கள். வள்ளத்தில் வந்தவனைச் சேர்த்துவிட்டால் இதுதான் என்று என் காதுபடச் சொன்னார்கள். சொல்லட்டும். சுட்டவருக்கு ஒரு கண்ணில் பாதிப் பார்வைதான் திரும்பியது என்று பிறகு கேள்விப்பட்டேன். அவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது.

சேவையரைத் திருப்பி எடுக்கலாம் என்று முதலாளி சொன்னார். அதைச் சொல்ல நானே கிரான்பர்ன்னுக்குப் போனேன். அவர் வாடகைக்கு இருந்த வீட்டுக் கராஜின் கதவு திறந்திருந்தது. உள்ளே கதிரையில் இருந்து சப்பாத்துக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். கோழி வெட்டும் தொழிற்சாலையில் மத்தியான ஷிப்ட் கிடைத்திருந்தது. என்னை இருக்கச் சொல்லவில்லை.

சொன்னேன். எல்லாம் சொன்னேன். கடைசியில், "பிழை விட்டிட்டன், திரும்பி வாங்கோ," என்றேன்.

"பிழை விட்டா திருப்பி அளக்கலாம், குணம்," என்றார். "நீர் எல்லைக்கல்லைத் தெரிஞ்சுகொண்டு மாத்தி நட்டனீர். அங்கால காணியில ஆர் வந்து குடியிருப்பான் எண்டு ஒருக்கா யோசிச்சனீரோ?"

"யோசிக்கேல்லை."

"அதுதான்." எழுந்தார். "எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. போட்டு வாறன்."

அவர் வரவில்லை. நான் அதற்குப் பிறகு ஆறு வருடம் திரும்ப அளக்கும் மேசையில் இருந்தேன், ஓய்வு பெறும் வரைக்கும்.

நீளத் தாளில் இன்று இரண்டு கட்டங்கள் கூடுதலாக இருக்கின்றன. ஒன்று, அளந்தது அமுக்க முன்னா பின்னா. மற்றது கடைசி வரியில், வரிசையை மாற்றச் சொன்னவர் பெயர். இரண்டையும் நான்தான் அடிமட்டம் வைத்துப் பேனையால் கீறி முதலாளியிடம் கொடுத்தேன். கோடு சற்றுக் கோணல், அதை அப்படியே பிரதி எடுத்து இன்னும் பாவிக்கிறார்கள்.

தொலைபேசியை வைக்க முன் உங்கள் சூப்பர்வைசர் கேட்டாள்: "அங்கிள், அந்தக் கடைசிக் கட்டம் எப்பவும் வெறுமையாத்தான் கிடக்குது. புதுத் தாள் அடிக்கேக்க எடுத்து விடட்டோ?"

எடுக்கக் கூடாது. நல்ல பிள்ளை அவள், எனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள் டை வெடிக்கும், லொறி இரண்டு மணிக்கு வரும், அவளும் உங்கள் மேசைக்கு வந்து, இப்பவே அளந்து வையுங்கோ என்பாள். உங்களில் பாதிப் பேரை இங்கே சேர்த்துவிட்டதே அவள்தான். செய்ய மாட்டேன் என்று சொல்லுங்கள். சொல்ல முடியாமல் செய்துவிட்டால், பேனையை எடுத்து அந்தக் கட்டத்தில் அவள் பெயரை எழுதுங்கள். அவளுக்கு முன்னாலேயே எழுதுங்கள்.